எலும்பின் உறுதியும் குலத்தின் வழியும்

மைசூர் நகரின் நடுவே அமைந்த தேவராஜ மொஹல்லாவை அறியாத தமிழர் இவ்வூரில் இரார். காலையில் தேவராஜ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் கீரைக் கட்டும் வெற்றிலைக் கட்டும் அச்சு வெல்லமும் மல்லிகைச் சரமும் கண்ணையும் மூக்கையும் ஒருங்கே கவரும். கன்னடம் பேசும் கடைக்காரர், தமிழ் பேசும் அம்மையார், இருவருக்கும் பொதுவான கைவிரற் கணக்கு என்று அங்கே வாணிகம் இனிது நடைபெறுகிறது. அம்மொஹல்லாவில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. காவிரி பாயும் தஞ்சைச் சீமையிலிருந்து, அதே காவிரியின் மேற்றிசை நாட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் குடிவந்தவர்கள். அவ்வீட்டு மூதாட்டியார் சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஈரமான முற்றத்தில் கால் வழுக்கி விழுந்தார். விழுந்தது பெரிய உயரத்திலிருந்து அன்று, நின்ற நிலையிலிருந்தே. ஆயினும் இடுப்பெலும்பு முறிந்து போயிற்று.

பார்க்கச் சென்ற நம்மிடம் அவருடைய மகளார் கூறிய சொற்கள் இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றன. “அண்ணா, எங்கள் பாட்டிக்கும் இப்படித்தான் ஒடிந்தது. இப்போது அம்மாவுக்கு. நாளைக்கு எனக்கு. எங்கள் குடும்பத்து எலும்பே அப்படி. தமிழ்நாட்டு உடம்பு வேறு. இதற்கு மருந்து ஏது?” என்றார் அவர். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் அவ்வம்மையார், தம் விதியை முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டார். அவ்வாறு எழுதுவதற்கு அறிவியல் இடந்தருகிறதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. கொலாஜன் என்னும் புரத நார்களாலான வலைப்பின்னலின் மேல் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு படிந்து இறுகியதே எலும்பு. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே தங்கியிருக்கிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் ஒரு புறமும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறு புறமும் ஓயாது உழைக்கின்றன. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் கட்டும் வேலை மிகுதி. ஏறத்தாழ முப்பது வயதுக்குள் எலும்பின் செல்வம் அதன் உச்சத்தை எட்டிவிடுகிறது. அதன் பின்னர் வரவும் செலவும் சில காலம் சமமாக நிற்கும். பிறகு செலவு மிகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் இச்செலவு விரைந்து நிகழ்கிறது. ஆகவே முதுமையில் ஒருவரது எலும்படர்த்தி இரண்டு கேள்விகளைப் பொறுத்தது: இளமையில் எவ்வளவு சேர்த்தார்? பின்னர் எவ்வளவு விரைவில் இழந்தார்? குலவழியின் பங்கையும் இவ்விரு கேள்விகளிலேயே நாம் தேட வேண்டும்.

குலவழியின் பங்கை அளக்க ஆராய்ச்சியாளர் கையாண்ட முதல் வழி இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிடுவது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முற்றும் ஒன்றே. இரு கருக்களிலிருந்து வந்த இரட்டையர் மற்ற உடன்பிறந்தாரைப் போன்றவரே. இருவகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே உணவுண்டு வளர்கின்றனர். முதல் வகையினரிடையே எலும்பின் ஒற்றுமை மிகுதியாகவும் இரண்டாம் வகையினரிடையே குறைவாகவும் இருப்பின், அம்மிகுதி மரபணுவின் விளைவு என்று கொள்ளலாம். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகை ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பின்னர் வந்த பல ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்குங்கால், ஆளுக்கு ஆள் எலும்படர்த்தி வேறுபடுவதில் பாதி முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை மரபணுவைச் சார்ந்தது என்று கணிக்கின்றனர்.

இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா, எல்லாம் பிறப்பில் வந்ததே” என்று கூறத் தோன்றும். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் ஒரே ஆசிரியரிடம் கணக்குப் பயில்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய மதிப்பெண்களில் காணும் வேறுபாடு பெரும்பாலும் மாணவர்களின் இயல்பால் வந்ததே. ஆசிரியர் எல்லோருக்கும் பொது அல்லவா? அதனால் ஆசிரியரால் பயனில்லை என்று எவரும் கூறார். மேலான ஆசிரியர் ஒருவர் வந்தால் வகுப்பு முழுவதும் உயரும். இரட்டையர் ஆராய்ச்சி கூறும் பங்கும் அத்தகையதே. ஒரேவிதமான சூழ்நிலையில் வாழும் மக்களுக்குள் காணும் வேறுபாட்டின் பங்கு அது. தனி ஒருவருடைய எலும்பில் இத்தனை பாகம் பிறப்பால், இத்தனை பாகம் உணவால் என்று பிரித்துக் காட்டும் கணக்கு அன்று. சூழ்நிலை மாறினால் எலும்பு மாறாது என்றும் அது கூறவில்லை.

இனி, அந்த மரபணுக்கள் எவை? ஒரே மரபணுவின் மாற்றத்தால் எலும்பு முற்றிலும் மாறிவிடும் குடும்பங்கள் சில உலகில் உண்டு. எல்.ஆர்.பி.5 என்னும் மரபணு செயலற்றுப் போனால், குழந்தைப் பருவத்திலேயே எலும்பு நொய்ந்து பார்வையும் கெடுகிறது என்பது 2001இல் தெளிவாயிற்று. அதே மரபணுவில் வேறு வகையான மாற்றம் அமைந்த அமெரிக்கக் குடும்பத்தாருக்கு எலும்பு வழக்கத்தினும் மிக்க அடர்த்தியுடன் விளங்கியது என்பது 2002இல் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரிடையே, எலும்பு அளவுகடந்து தடிக்கும் ஓர் அரிய நோய் உண்டு. எலும்பு கட்டுவதைத் தடுத்து நிறுத்தும் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதம் அவர்களுக்கு உண்டாவதில்லை என்று கண்டறிந்தனர். அப்புரதத்தை மருந்தால் அடக்கினால் நொய்ந்த எலும்பு வலுப்பெறுமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அவ்வாறு உருவான ரோமோசோசுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2019இல் அனுமதி வழங்கியது. ஒரு சிறு கூட்டத்தாரின் துன்பத்திலிருந்து உலகத்தாருக்கு ஒரு மருந்து கிடைத்தது.

நாம் வாழும் கருநாடகத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிமோகா மாவட்டம் சாகர் வட்டத்து ஹந்திகோடு என்னும் சிற்றூரில், 1970களின் இடையில், இடுப்பும் மூட்டும் வளைந்து நடை தளரும் நோய் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஏழை உழவுத் தொழிலாளர் குடும்பங்களையே அது வாட்டியது. வயலில் தெளித்த பூச்சிமருந்தோ, உணவுக் குறையோ காரணம் என்று முதலில் ஐயுற்றனர். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரக்கூடிய குலவழி நோய் அது என்று காட்டின. சிறு சமூகத்துக்குள்ளேயே மணவினை நடைபெறும்போது அரிய மரபணு மாற்றம் ஒன்று அங்கேயே தங்கிப் பெருகும். அதில் அம்மக்களின் குற்றம் ஏதுமில்லை.

ஆயினும் இவை யாவும் அரிய நோய்கள். முற்றத்தில் வழுக்கி விழுந்த நம் மூதாட்டியாரின் எலும்பு இவ்வகையில் சேராது. பொதுமக்களின் எலும்படர்த்தியை ஒரு மரபணு ஆள்வதில்லை. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து ஆள்கின்றன. 2012இல் வெளிவந்த பன்னாட்டு ஆராய்ச்சி, மரபணுத் தொகுதியில் எலும்படர்த்தியோடு தொடர்புடைய 56 இடங்களைச் சுட்டியது. 2019இல் பிரிட்டனில் 4 லட்சத்து 26 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் குதிகால் எலும்பை ஆராய்ந்து 518 இடங்களைக் கண்டனர். அவ்வளவும் சேர்ந்தும், ஆட்களிடையே காணும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கையே விளக்க முடிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவே. மேலும், அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அவர்களுக்குக் கண்ட கணக்கைத் தமிழர்க்கு அப்படியே பொருத்திவிடல் ஆகாது.

இவ்விடத்தில் ‘இனம்’ என்ற சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் பெருந்தொல்லை தருவது. அரசாங்கப் படிவமொன்றில் வந்தால் சாதியையும், வரலாற்று நூலில் வந்தால் நாட்டு மக்களையும், உயிர்நூலில் வந்தால் விலங்கு வகையையும் அது குறிக்கும். மருத்துவ நூலில் ‘ஆசிய இனம்’ என்று வரும்போது சீனரும் சிந்தியரும் தமிழரும் ஒரே கூடையில் போடப்படுகின்றனர். உணவும் உழைப்பும் உடையும் செல்வமும் அதே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. எனவே, ‘இனத்தால் வந்த வேறுபாடு’ என்று ஒரு நூல் கூறினால், அது குருதியால் வந்ததா, வாழ்க்கையால் வந்ததா என்று கேட்பது நம் கடமையாகிறது.

வேறுபாடு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கருக்குச் சராசரி எலும்படர்த்தி மிகுதி. இடுப்பெலும்பு முறிவும் குறைவு. ஆசியரின் அளவு ஐரோப்பியரினும் குறைவாகவே வருகிறது. ஆனால் அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள்? டெக்ஸா என்று வழங்கும் எக்ஸ் கதிர்க் கருவி, எலும்பின் நிழலைத் தட்டையாகப் பிடித்து, அதிலுள்ள உப்பின் எடையை நிழலின் பரப்பால் வகுக்கிறது. எலும்பின் கனம் அந்நிழலில் தெரிவதில்லை. தேவராஜ மார்க்கெட்டில் இரண்டு வெல்லக் கட்டிகளை வாங்குவோம். ஒன்று எப்பக்கமும் ஓர் அங்குலம். மற்றொன்று எப்பக்கமும் இரண்டு அங்குலம். இரண்டும் ஒரே பாகில் காய்ச்சியவை. பெரிய கட்டியின் எடை சிறியதைப் போல் எட்டு மடங்கு. அதன் நிழலோ நான்கு மடங்கே. எடையை நிழலால் வகுத்தால், பெரிய கட்டி இருமடங்கு அடர்த்தி உடையது போல் தோன்றும். உண்மையில் வெல்லம் ஒன்றே. உருவத்தில் சிறிய நம் பெண்களின் எலும்பையும் இக்கருவி இவ்வாறு குறைத்துக் காட்டுவது உண்டு. உடலின் உயரத்தையும் எடையையும் எலும்பின் பருமனையும் கணக்கில் கொண்டால், ஐரோப்பியருக்கும் ஆசியருக்கும் இடையே கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி சுருங்கிவிடுகிறது.

கருவி தரும் ‘டி ஸ்கோர்’ என்ற எண்ணையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி, இந்த எண் கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்பு நொய்மை நோய். இடுப்பெலும்புக்கு ஒப்புமையாக வழங்கிவருவது இருபது வயதுகளிலுள்ள அமெரிக்க வெள்ளைப் பெண்களின் சராசரி. தஞ்சையிலிருந்து வந்த மூதாட்டியாரின் எலும்பை அவ்வளவுகோலால் அளக்கிறோம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். அளவுகோல் பயனற்றது என்பதன்று நம் கருத்து. அந்த எண்ணோடு வயது, எடை, முன்பு நேர்ந்த முறிவு, பெற்றோருக்கு நேர்ந்த முறிவு ஆகியவற்றையும் மருத்துவர் சேர்த்து நோக்க வேண்டும் என்பதே. 2008இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பிராக்ஸ் என்னும் கணிப்பு முறையில், ‘தாய் தந்தையருக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா?’ என்பதும் ஒரு கேள்வி. ஆகவே அந்த மகளார் தம் பாட்டியையும் அன்னையையும் எண்ணிக் கவலையுற்றது முற்றிலும் நியாயமே. அவர் தவறியது, அக்கவலையிலிருந்து எடுத்த முடிவில்.

அம்முடிவு தவறு என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி. சீனர், மலாயர், பெரும்பாலும் தமிழராகிய இந்தியர் என்று மூன்று மக்களும் ஒரே தீவில் வாழ்கின்றனர். 1960களில் வெளியான ஆராய்ச்சியின்படி, அங்கே இடுப்பெலும்பு முறிவு இந்தியரிடையே மிகுதி. 1991 முதல் 1998 வரை எடுத்த கணக்கிலோ சீனர் முன்னே நின்றனர். 1960களோடு ஒப்பிட, அந்நாட்டுப் பெண்களிடையே முறிவு ஐந்து மடங்காகவும் ஆண்களிடையே ஒன்றரை மடங்காகவும் உயர்ந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறுவதில்லை. மாறியது வீடு, உழைப்பு, உணவு, நடை. குருதியே விதி என்றால் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்க இயலாது.

நம் நாட்டு ஆராய்ச்சிகளும் இதையே உணர்த்துகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாதவிடாய் நின்ற 150 பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எலும்பு நொய்மை காணப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் குறைந்த வருமானமுள்ள பெண்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவில், அவர்கள் உணவில் நாளொன்றுக்குக் கிடைத்த சுண்ணாம்புச் சத்து சுமார் 270 மில்லிகிராமே. வயது வந்தோருக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்த அளவு. தேவையில் கால்பங்கை உண்ணும் பெண்ணின் எலும்பு மெலிந்தால், அதற்கு அவளுடைய இனத்தைக் காரணம் கூறுதல் அறமாகுமா?

மைசூரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மண்டி மொஹல்லாவிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு வந்த தாய்மாரின் குருதியை ஆராய்ந்ததில், மூவரில் இருவருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் இது வியப்பன்றோ? காரணம் காண்பது அரிதன்று. கருநிறத் தோலில் உள்ள நிறப்பொருள் வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காக்கிறது. அதே காரணத்தால் வைட்டமின் டி உண்டாவதற்கு நமக்கு வெயில் கூடுதலாக வேண்டும். இது மூதாதையர் வழிவந்த இயல்பு. நாமோ வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பகலைக் கழிக்கிறோம். வெளியே சென்றாலும் உடலை மூடிக்கொள்கிறோம். இது வாழ்க்கை வழிவந்த பழக்கம். இயல்பும் பழக்கமும் கூடும் இடத்தில்தான் குறை பிறக்கிறது. திருப்பதியில் நடந்த ஆராய்ச்சிகள், வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரினும் இச்சத்து மிகுதி என்றும், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே இதற்கு ஏற்றது என்றும் காட்டின.

குடும்ப வழி என்பதும் மரபணு ஒன்றே அன்று. பூனாவுக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் எலும்பை ஆறு வயதில் அளந்து 2006இல் வெளியிட்டனர். பெற்றோரின் எலும்பு உறுதி பிள்ளைகளிடமும் தொடர்ந்தது. அது குலத்தின் கொடை. கருவுற்றிருந்தபோது பால், பருப்பு, கீரை, பழம் முதலியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் எலும்பு உறுதி மிக்கிருந்தது. அது அடுக்களையின் கொடை. பாட்டி, தாய், மகள் மூவரும் ஒரே மரபணுவை மட்டுமன்று, ஒரே அடுக்களையையும் பெற்று வருகின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதனால் பெறப்படும் பயன் யாது? டில்லியின் குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து விழும். பம்பாயின் அடுக்கு வீடுகளில் வெயில் வந்து எட்டுவதே அரிது. ஊர் மாறும்போது உணவும் மாறுகிறது; கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் நாகரிகமற்றவை என்று சிலரால் கைவிடப்படுகின்றன. மைசூர் நாட்டார் கேழ்வரகை ராகிக் களியாக இன்றும் போற்றி உண்கின்றனர். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கும் தேறுவது அரிது. கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அச்சத்து முழுவதும் உடலிற் சேர விடாது. முளைகட்டி அரைத்தால் அத்தடை குறையும். பால், தயிர், மோர், எள், சிறுமீன், கீரை யாவும் துணை நிற்பவை. எலும்பு, சுமையைத் தாங்கும்போதே வலுக்கும். ஆகவே நடையும் படியேறுதலும் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். புகையிலையும் மதுவும் எலும்புக்குப் பகை. ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் உண்பவரும், இளமையிலேயே மாதவிடாய் நின்றவரும் மருத்துவரிடம் எலும்பைப் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். வைட்டமின் டி மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவிலேயே உண்ண வேண்டும், மிகையும் தீங்கே. ஈர முற்றத்துக்கு ஒரு சாக்கு விரிப்பும், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் நடக்கும் வழியில் ஒரு சிறு விளக்கும் எந்த மரபணுவையும் கேளாமல் பயன் தருவன.

அந்த மகளாரிடம் நாம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் கூறவில்லை. “அம்மா, உங்கள் பாட்டிக்கும் தாயாருக்கும் முறிந்தது உண்மை. அது உங்களுக்கு முன்கூட்டியே கிடைத்த செய்தி, தீர்ப்பு அன்று. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்துவிட்டது,” என்று மட்டுமே கூறினோம். சில வாரங்கள் கழித்து அவர் மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொண்டார். எலும்பு சற்று மெலிந்திருக்கிறது, நோய் என்னும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. மூதாட்டியார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைத்தடியுடன் நடமாடுகிறார். முற்பகலில் தாயும் மகளும் மாடியில் வெயிலில் அமர்ந்து கீரை ஆய்வதை நாம் தெருவிலிருந்து காண்கிறோம். அருகே கல்லூரி செல்லும் பேத்தியும் சில நாட்களில் அமர்ந்திருக்கிறாள். எலும்பின் செல்வம் சேரும் வயது அவளுடையதே.